வண்டியில் பன்னிரண்டு பேர்

செயின்ட் பால் தீவு
21 ஜூன் 1988

தெரெந்தி,

அன்புள்ள என்று போடலாமா வேண்டாமா என்று யோசித்தேன். போடவில்லை. ஊரைவிட்டுப் போகிறவன் கூடப் பிறந்த அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லமாட்டானா? நீ ஆங்கரேஜ் போன சேதியை எனக்குச் சொன்னது அன்ஃபீசா. ஹோட்டல் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, "உன் தம்பி அந்த அடிபட்ட கிழவரோட ப்ளேன்லயே ஏறிட்டானாமே, தெரியாதா உனக்கு?" என்றாள். தெரிந்தவள்போலத் தலையாட்டி வைத்தேன்.

மே மாதம் நடந்தது பெரிய சண்டைதான். நான் பறவை காட்டக் கூட்டிவந்த விருந்தாளிகள் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக்கொண்டு நிற்கிற இடத்தில் நீ வலை வீசிச் சூச்கிப் பறவையைப் பிடித்துக் கழுத்தைத் திருகிக்கொண்டிருந்தாய். ஒரு அம்மாள் அழுதேவிட்டாள். "யாருப்பா நீ? இங்க என்ன பண்ற?" என்று உன்னை யாரோபோல விரட்டினேன். அந்தக் கோபம் ஊரைவிட்டே போகிற அளவுக்கா?

சரி, என் கதையைக் கேள். போனில் சொல்லலாமென்றால் ஹோட்டல் போன் பக்கத்திலேயே ஸோஸிமா மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறான். சுற்றுலா அலுவலகத்துக்கு மேனேஜர் ஆனதிலிருந்து அவனுக்குக் காது நீண்டுவிட்டது.

உன் விமானத்தில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தாரே, மின்னசோட்டாக்காரர் ஹால்வர்சன், அவர் என் குழுவில் வந்தவர். அதற்கு முந்தின நாள் அவர்கள் விமானம் மூடுபனியால் தாமதமாகிச் சாயங்காலம்தான் இறங்கியது. பன்னிரண்டு பேர். ஆளுக்கொரு ஊர், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. பெட்டியைப் போட்டதும் போடாததுமாக, இன்றைக்கே பறவை பார்க்கவேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஸபத்னி பாறைக்கு ஓட்டிப்போனேன். கொஞ்ச நேரத்தில் பனி இறங்கிவிட்டது. ஹாரன் அடித்துக் கூப்பிட்டேன். மழைக்கோட்டுத் தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டு ஏறினார்கள். எண்ணினேன், பன்னிரண்டு. கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடியில் பார்த்து மறுபடி எண்ணினேன். பன்னிரண்டுதான்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சிலர் வரவில்லை. பயணக் களைப்பு என்று விட்டுவிட்டோம். காலையில் ஹால்வர்சன் அறையில் படுக்கை கலையாமல் இருந்தது.

பாறைக்கு ஓடினோம். நரிகள் கூடி நின்று குரைத்ததால் இடம் தெரிந்தது. ஒரு பள்ளத்தில் கணுக்கால் ஒடிந்து, குளிரில் விறைத்துக் கிடந்தார். "கத்தினேன்மா. நீ ஹாரன் அடிச்சது கேட்டுச்சு. நான் கத்தினதுதான் உனக்குக் கேக்கல" என்றார். அத்தனை பறவைகள் போடும் இரைச்சலில் யாருக்குத்தான் கேட்கும்?

அவர் வண்டியில் ஏறவே இல்லையாம். அப்படியானால் நான் எண்ணிய பன்னிரண்டாவது ஆள் யார்?

கூட்டம் போட்டு விசாரிக்கும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்று ஸோஸிமா சொல்லிவிட்டான். நீ அன்றைக்கு லூகாவின் படகில்தானே இருந்தாய்? கடலிலிருந்து எதையாவது பார்த்தாயா? எழுது.

மத்ரோனா


ஆங்கரேஜ்
29 ஜூன்

அக்கா,

நான் ஏன் கிளம்பினேன் என்று உனக்குத் தெரியாதாக்கும்! படகில்தானே இருந்தாய் என்று வேறு கேட்கிறாய். ரொம்ப நன்றாக இருக்கிறது. லூகா படகின் என்ஜின் கெட்டுக் கரையில் கிடந்தது ஊருக்கே தெரியும்.

மே மாதம் திட்டியதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. உன்னிடம் திட்டு வாங்கியே வளர்ந்தவன். ஆனால் "சார்" என்றாயே. அந்த விருந்தாளிக் குரலில், சிரித்த முகத்தோடு, கூடப் பிறந்த தம்பியை சார் என்றாயே! திட்டினால் நான் உனக்குத் தம்பி. சார் என்றால் நான் யார்? மறுநாள் நர்ஸ் ஸ்ட்ரெச்சர் பிடிக்க ஆள் கேட்டாள். பிடித்தேன். கூட ஒருவர் வந்தால் நல்லது என்றாள். ஏறிவிட்டேன். அவ்வளவுதான்.

இங்கே மீன் குளிர்சாதனக் கிடங்கில் வேலை. ஒரு அறையில் நாலு பேர். இந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே ஆள் உன் ஹால்வர்சன்தான், அதனால் வேலை முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய் உட்காருகிறேன். கால் விரல் இரண்டை எடுத்துவிட்டார்கள். ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவராம். சிவப்புக் கால் கடற்பறவையைப் பார்த்தே தீரவேண்டும் என்று பல வருஷமாகத் திட்டம் போட்டு வந்தவர். விமானத்தில் என் கையை விடவே இல்லை.

அவர் மகள் ஜூடித் வந்திருக்கிறாள். "இறங்கினவங்கள எண்ணாமலா வண்டிய எடுப்பாங்க?" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். "எங்கக்கா எண்ணாம சாவியத் தொடமாட்டா" என்றேன். நான் உன் தம்பி என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அதிலிருந்து நான் போனால் எழுந்து வெளியே போய்விடுகிறாள்.

உன்மேல் கோபம் இருக்கிறது. ஆனாலும் நீ தப்பாக எண்ணியிருப்பாய் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்றும் புரியவில்லை.

தெரெந்தி


செயின்ட் பால் தீவு
5 ஜூலை

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேனோ. எப்போது சார் என்றேன்? எங்கே? மே மாதச் சண்டைக்குப் பிறகு உன்னிடம் நான் பேசியதே இல்லையே! கோவிலில் ஒருநாள் உன் முதுகைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

நீ பொய் சொல்கிறவன் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

இன்னொன்றையும் கேள். என் குழுவில் டெக்சாஸ்காரி ஒருத்தி இருந்தாள். ஹால்வர்சன் வண்டியில் இருந்தார் என்று அவள் அடித்துச் சொல்கிறாள். "கடைசி சீட்ல என் பக்கத்துலதானே உக்காந்திருந்தாரு, பேசவே இல்ல" என்கிறாள். எனக்கும் அந்த ஆள் ஞாபகம் இருக்கிறது, தெரெந்தி. எல்லாருக்கும் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தேன். கடைசி சீட்டில் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு ஒருவர். கோப்பையை நீட்டினேன். கோட்டுக்குள்ளிருந்து ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. முகம் ஞாபகம் வரவில்லை. கை மட்டும் கண்ணுக்குள் நிற்கிறது.

ஹால்வர்சனோ பள்ளத்தில் கிடந்தார். ஒடிந்த காலோடு ஹோட்டலிலிருந்து அவ்வளவு தூரம் திரும்ப நடந்தா போயிருப்பார்? அன்ஃபீசா சிலுவை போட்டுக்கொள்கிறாள். "கடல்ல செத்துப்போனவங்கள்ல ஒருத்தன் குளிருக்கு ஏறியிருப்பான்டி. டீ குடுத்தியே, புண்ணியம்" என்கிறாள். அவள் சொல்வதை நம்பிவிட்டால்கூட எனக்கு நிம்மதியாக இருக்கும்.

நான் நினைப்பது வேறு. இல்லாத ஆளுக்கு டீ கொடுத்திருக்கிறேன். உன்னிடம் பேசியதை மறந்திருக்கிறேன். அம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது? பாதிரியாரை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சாப்பிட உட்காரச் சொன்னாளே. அப்போது அவளுக்கு என் வயதைவிடக் கொஞ்சம்தான் கூட.

இப்போது அடுப்பை அணைத்தேனா என்று இரண்டு தரம் வீட்டுக்குத் திரும்பி வருகிறேன். அணைத்துத்தான் இருக்கிறது. கூட்டத்தில் உண்மையைச் சொல்லிவிடுவதாக இருக்கிறேன். தலை சரியில்லாதவளை நம்பிப் பன்னிரண்டு பேரைப் பாறை விளிம்புக்கு அனுப்பக்கூடாது.

நான் சார் என்றது எங்கே என்று மட்டும் எழுது. யோசித்துப் பார்க்கிறேன்.

அக்கா


ஆங்கரேஜ்
12 ஜூலை

அக்கா,

அது நான்.

அந்தக் கை என் கை. கடைசி சீட்டில் இருந்தது நான். இன்றைக்குத்தான் உன் கடிதம் வந்தது. கிடங்கு வாசலில் நின்று படித்தேன். டீ என்ற இடம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். உடனே போன் போட்டேன். காற்றில் தீவின் லைன் அறுந்து நாலு நாளாகிறது என்கிறாள் ஆபரேட்டர். அதனால் எழுதுகிறேன்.

படகு கெட்டுப்போன பிறகு எனக்கு வேலை இல்லை. அன்றைக்கு விமானம் வராது, விருந்தாளிகள் இருக்கமாட்டார்கள் என்று நினைத்து ஸபத்னிக்கு வலையோடு நடந்தே போனேன். நிறையக் கிடைத்தது. அப்போது உன் வண்டிச் சத்தம். மறுபடி சண்டை வேண்டாம் என்று ஒரு பாறைக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். பனி இறங்கியதும் எதிரே என் கையே தெரியவில்லை. நீ ஹாரன் அடித்தாய். இந்தப் பனியில் அவ்வளவு தூரம் நடப்பதைவிட அக்காவிடம் திட்டு வாங்கிக்கொண்டு போகலாம் என்று ஏறிவிட்டேன். மூட்டையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். லூகாவின் பச்சை மழைக்கோட்டு, அதனால் உனக்கு அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது. இது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

நீ எண்ணிக்கொண்டே என்னை நேராகப் பார்த்தாய். திட்டப்போகிறாய் என்று காத்திருந்தேன். பிறகு டீயோடு வந்தாய். "சூடா இருக்கு சார், பாத்துக் குடிங்க. குளிருதா?" என்றாய். மே மாதம் யாருப்பா நீ என்றவள், இப்போது சார் என்று சொல்லிக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். தெரிந்தேதான் செய்கிறாய் என்று நினைத்தேன். என்னைக் கழித்துவிட்டுத்தான் பன்னிரண்டு எண்ணியிருப்பாய் என்று இன்றைக்குக் காலைவரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஹோட்டல் வாசலில் எல்லாரோடும் இறங்கி வீட்டுக்கு நடந்துவிட்டேன்.

உன் தலைக்கு ஒன்றும் இல்லை. அம்மாவுக்கு வந்தது உனக்கு வரவில்லை. வண்டியில் பன்னிரண்டு பேர் இருந்தோம். நீ சரியாகத்தான் எண்ணினாய்.

ஹால்வர்சன் கையை இத்தனை நாள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே அக்கா. எப்படிச் சொல்வேன்? இன்றைக்கு ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன். நாளைக்குச் சொல்லிவிடுவேன். கூட்டத்தில் நீ வாயைத் திறக்காதே.

தெரெந்தி


செயின்ட் பால் தீவு
14 ஜூலை

அன்புள்ள தம்பி,

உன்னிடமிருந்து பதில் இல்லை. பனி விலகவே இல்லை. விமானம் வந்தால்தானே தபால். கூட்டம் நேற்று முடிந்துவிட்டது. எனக்குத் தலை சரியில்லை, இல்லாத ஆள் தெரிந்தார், அம்மாவுக்கும் இப்படி இருந்தது என்று சொல்லி வண்டிச் சாவியை மேசைமேல் வைத்தேன். ஸோஸிமா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். என்னைத் திட்டியிருக்கலாம்.

இன்றைக்கு ஊரே என்னிடம் மெதுவாகப் பேசுகிறது. தபால் நிலையத்தில், "இன்னைக்கு வியாழக்கிழமை, மத்ரோனா" என்றார்கள். நான் கேட்கவே இல்லை. அன்ஃபீசா சூப் கொண்டுவந்து, "நான்தான் அன்ஃபீசா" என்கிறாள். முப்பது வருஷமாக எதிர் வீட்டில் இருக்கிறவள்! ஜன்னல் வழியாகப் பார்த்தால் என் வண்டியை வேறு யாரோ ஓட்டிப்போகிறார்கள். கியர் மாற்றவே தெரியவில்லை.

20 ஜூலை

இதை அனுப்பாமலே வைத்திருந்தேன். இன்றைக்கு விமானம் வந்தது. உன் கடிதமும் வந்தது.

தபால் நிலையத்திலேயே நின்று படித்தேன். முதல் வரியைப் படித்ததும் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். தபால்காரி ஓடிவந்து என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். பைத்தியம் முற்றிவிட்டது என்று நினைத்திருப்பாள், பாவம்.

பிறகுதான் கோபம் வந்தது. ஏறும்போது "அக்கா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா தடியா? அந்த மனிதருக்கு விரல் போயிருக்காதே! உன்னைக் கொன்றுபோடலாம்போல வருகிறது. அடுத்த நிமிஷமே, நான் ஒரு தரம் முகத்தைப் பார்த்திருந்தால் போதுமே என்று தோன்றுகிறது. கோப்பையைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. நேராக உன்னைப் பார்த்தே சிரித்திருக்கிறேன், உன்னைத் தெரியவில்லை. தலை கெட்டுப்போகவில்லை என்று சந்தோஷப்படுவதா, நல்ல தலையோடு இருந்தும் தம்பியைத் தெரியவில்லையே என்று அழுவதா? தெரியாமல் காலையிலிருந்து வீட்டைப் பெருக்கிக்கொண்டே இருக்கிறேன்.

கடிதத்தை ஸோஸிமாவிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தான். "தம்பின்னா இப்படித்தான் இருக்கணும், அக்கா. உன்னக் காப்பாத்த எப்படியெல்லாம் யோசிச்சிருக்கான் பாரு" என்றான். அன்ஃபீசாவும் தலையைத் தடவிக் கொடுக்கிறாள். ஒருத்தரும் நம்பவில்லை.

அவரிடம் சொல்லிவிட்டாயா?

மத்ரோனா


ஆங்கரேஜ்
27 ஜூலை

அக்கா,

சொல்லிவிட்டேன்.

ஜூடித்தும் அறையில் இருந்தாள். அவள் எழுந்து போவதற்குள் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் எழுந்து போகவில்லை. "அப்போ அவர் உக்கார வேண்டிய இடத்துல நீங்க உக்காந்தீங்க. அவருக்கு வெச்ச டீய நீங்க குடிச்சீங்க" என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. ஆமாம் என்றேன். பெரியவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

இனிமேல் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் ஜூடித்தே கிடங்குக்கு வந்து நிற்கிறாள்! அவள் என்னை நம்பவில்லை அக்கா. ஸோஸிமா மாதிரியே, உன்னைக் காப்பாற்றக் கதை கட்டுகிறேன் என்று நினைத்திருக்கிறாள். அதனால் டெக்சாஸ்காரியின் நம்பரைத் தேடிப்பிடித்துப் பேசியிருக்கிறாள். "உங்க பக்கத்துல இருந்தவர்கிட்ட ஏதாவது நாத்தம் வந்துச்சா?" என்று கேட்டாளாம். "மீன் நாத்தம். கோட்டுக்குள்ள ஈரமா ஒரு மூட்டை வேற. மின்னசோட்டாக்காரங்க இப்படித்தான் போலன்னு இருந்துட்டேன்" என்றாளாம் அவள். என் அழுக்கு இப்படி உனக்கு உதவும் என்று நான் நினைத்ததே இல்லை. ஜூடித் உன் அலுவலகத்துக்கு எழுதிவிட்டாள். எண்ணிக்கை சரி, ஆள்தான் மாறிவிட்டது என்று எழுதியிருக்கிறாள். உன்னை மன்னித்ததாக எழுதவில்லை. அதையும் சொல்லச் சொன்னாள்.

"அப்பா உங்கள வரச் சொல்றார். ஏன்னு எனக்குத் தெரியல" என்றாள்.

போனேன். பெரியவர் என் முகத்தைப் பார்க்காமலே, "ராத்திரி முழுக்க பாறை இடுக்குல ஒண்ணு கிச்சுகிச்சுன்னு பேசிக்கிட்டே இருந்துச்சே. நூறு கிழவிங்க சேந்து சண்ட போடற மாதிரி. அது என்ன பறவை?" என்றார். சூச்கி மாதிரிக் கத்திக் காட்டினேன். நர்ஸ் ஓடி வந்துவிட்டாள். "அதேதான், அதேதான்" என்றார். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் தூங்கிப்போய் விறைத்துச் செத்திருப்பாராம்.

அக்கா, என்னால் வாயை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. மூட்டையில் இருந்ததும் அதுதான் என்று சொல்லிவிட்டேன்.

"சாப்பிடுவீங்களா?"

"சூப் வெப்போம்."

"நல்லா இருக்குமா?"

"ரொம்ப நல்லா இருக்கும்."

அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். "உங்கள எனக்குப் புரியவே இல்ல, தெரெந்தி" என்றார். கோபமா, வருத்தமா, சிரிக்கிறாரா, ஒன்றும் தெரியவில்லை. புறப்படும்போது கையைக் கொடுத்தார். நாளைக்கு ஊருக்குப் போகிறார்கள், சக்கர நாற்காலியில்.

எனக்கு இங்கே இருக்கப் பிடிக்கவில்லை. ஆனால் வந்தால் நீ என்ன சொல்வாயோ.

தெரெந்தி


செயின்ட் பால் தீவு
12 ஆகஸ்ட்

என் தம்பிக்கு,

இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் நீயே இங்கே வந்துவிடுவாய். தெரிந்தும் எழுதுகிறேன். இன்றைக்கு நடந்ததை இன்றைக்கே உன்னிடம் சொல்லாவிட்டால் தூக்கம் வராது.

ஜூடித்தின் கடிதம் போன வாரம் வந்தது. ஸோஸிமா வீட்டுக்கே வந்து சாவியை நீட்டினான். நான் வாங்கவில்லை. எனக்குப் பெருமையாக இல்லை, தெரெந்தி. ஊர் நம்பியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன், ஆகவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். பிறகு நானே அலுவலகத்துக்குப் போய், இனிமேல் நம் ஆட்களைப் பாறையிலிருந்து விரட்டமாட்டேன், வலையோடு யார் நின்றாலும் அவர்கள் பெயரைச் சொல்லி விருந்தாளிகளுக்குக் காட்டுவேன், சம்மதமா என்று கேட்டேன். "புகார் வருமே அக்கா" என்றான். வரட்டும் என்றேன். தலையைச் சொறிந்துகொண்டே ஒத்துக்கொண்டான்.

சாவியை வாங்கிக்கொண்டேன்; திங்கட்கிழமை முதல் குழுவைக் கூட்டிப்போனேன். லூகா வலையோடு நின்றுகொண்டிருந்தான். "இவர் பேரு லூகா, எங்க ஊரு. இந்தப் பறவையத்தான் நாங்க சாப்பிடுவோம்" என்றேன். ஒரு ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். ஒரு அம்மாள் சூப்பில் வெங்காயம் போடுவீர்களா என்று கேட்டாள். நான் செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை. வண்டியில் ஏறும்போது ஒவ்வொருவர் தொப்பியையும் விலக்கச் சொல்லி, முகத்தைப் பார்த்து, பெயரைச் சொன்ன பிறகுதான் உட்கார விட்டேன். கிளம்பத் தாமதமாகிறது. முணுமுணுக்கிறார்கள்.

ஹால்வர்சனுக்கு எழுத உட்கார்ந்தேன். அன்புள்ள என்பதற்கு மேல் ஓடவில்லை. எழுதுவேன்.

நீ வருகிறாய் என்று அன்ஃபீசா மறுபடியும் எனக்கு முன்னாலேயே தெரிந்து வைத்திருந்தாள். இன்றைக்கு உன் விமானத்தில் புதுக் குழுவும் வருவதாக இருந்தது. நான் வண்டியோடு ஓடுதளத்தில் நின்றேன். பனி தரையோடு தரையாகக் கிடந்தது. சத்தம் கேட்டது. தலைக்கு நேர் மேலே வந்தது, சுற்றியது, மறுபடி சுற்றியது. இறங்கத் தைரியம் வரவில்லை போலிருக்கிறது. சத்தம் ஆங்கரேஜ் பக்கம் திரும்பித் தேய்ந்து போயிற்று.

என்னை அறியாமல் கையை ஆட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். "யாருக்குடி ஆட்டற? அவனுக்குத் தீவே தெரியாது" என்றாள் அன்ஃபீசா.

"எனக்குத் தெரியுதே, அவன் அதுல இருக்கான்னு" என்றேன்.

நாளைக்கும் வந்து நிற்பேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன்.

அக்கா